முதலில் கூரை, பிறகு சீலிங்

கோடை வந்தாலே வெயில் செய்தியில் திருத்தணி பெயர் வந்துவிடுகிறது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. மாடி வீடானாலும் ஷீட் வீடானாலும், சூடு பெரும்பாலும் கூரை வழியாகத்தான் இறங்குகிறது.

எனவே ஜிப்சம் போர்டு சீலிங்குக்குப் பணம் புரட்டும் முன், மொட்டை மாடியைக் கழுவி, விரிசலை அடைத்து, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு முறை அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. கூரைக்கான வெள்ளைப் பெயிண்ட் வேண்டும்.

சீலிங் போடுவோர் கூரைக்கும் போர்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். போர்டு ஈரம் தாங்காது; ஒழுகலை முதலில் சரிசெய்யுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடாமல், சட்டத்தைச் சுவரில் பொருத்தச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

இதற்காக வட்டிக்கு வாங்க வேண்டாம். முதியோரும் கைக்குழந்தையும் படுக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்.