கைப்பேசி நம் கையில். கடிவாளம் யார் கையில்?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருப்பீர்கள். தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வரை கால் வைக்க இடம் இருக்காது. அங்கே புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு தம்பி கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஊரில் இருக்கும் மகளிடம், "பல்லு விழுந்துருச்சாமே, எங்கே காட்டு பாப்போம்" என்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருக்கும் இன்னொரு தம்பியும் கைப்பேசியைத்தான் பார்க்கிறார். அவருடைய கட்டைவிரல் மட்டும் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு நாலு காணொளி. அரை மணி நேரம் கழித்து, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இரண்டு பேர் கையிலும் ஒரே கருவி. ஒருவரைக் கடல் தாண்டி மகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மற்றவரைப் பக்கத்தில் இருக்கும் நண்பனிடமிருந்தே பிரித்துவிடுகிறது. நாம் பேச வந்திருப்பது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கணினித்துறைப் பேராசிரியர் கேல் நியூபோர்ட், 2019இல் 'டிஜிட்டல் மினிமலிசம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். நாம் அதை மின்னிலக்கச் சிக்கனம் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லும் வழி எளிமையானது. கட்டாயம் இல்லாத செயலிகளை 30 நாள் ஒதுக்கி வையுங்கள். பிறகு, உங்கள் வாழ்க்கைக்கு உண்மையிலேயே உதவுவதை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே விடுங்கள். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேண்டியதற்குத் தாராளமாகச் செலவு செய். வேண்டாததற்குப் பையைத் திறக்காதே. அவ்வளவுதான்.

தூக்கி எறிந்துவிட முடியுமா?

இந்த அரங்கில் பேசிய ஓர் அண்ணன், "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டா நிம்மதி" என்றார். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் சிங்கப்பூரில் அது நடக்குமா? அரசாங்க வேலை எதற்கும் சிங்பாஸ் கேட்கிறார்கள். சிடிசி பற்றுச்சீட்டுகளைச் சமூக மன்றத்தில் அச்சிட்டு வாங்கலாம் என்றாலும், அவை முதலில் வந்து நிற்பது கைப்பேசியில்தான். பழைய பட்டன் கைப்பேசிக்குத் திரும்பலாம் என்றால், 2ஜி சேவை 2017 ஏப்ரலிலும் 3ஜி சேவை 2024இலும் இங்கே நிறுத்தப்பட்டுவிட்டன.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் கொவிட் கிருமித்தொற்று பரவியபோது, வெளிநாட்டு ஊழியர்கள் மாதக்கணக்கில் தங்கும் விடுதிகளை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த நாட்களில் அவர்களுக்குத் தாய், மனைவி, பிள்ளை எல்லாமே அந்தச் சின்னத் திரைதான். அவர்களிடம் போய், "கைப்பேசி கெடுதல்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆகவே கைப்பேசி இருக்கட்டும். அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்பதை நாம் முடிவு செய்வோம்.

விரல் ஏன் நிற்பதில்லை?

"எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று ஒரு தங்கை தன்னையே நொந்துகொண்டார். அம்மா, தவறு உன்னுடையது மட்டும் அல்ல. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. செய்தித்தாளுக்கும் உண்டு. தள்ளத் தள்ள முடிவே இல்லாத பக்கத்தை 2006இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். முடிவு இல்லாத இடத்தில், 'போதும்' என்று மனம் சொல்வதற்கு இடமே கிடைப்பதில்லை.

இன்னொன்று, எதிர்பார்ப்பு. ஃபோர்-டி குலுக்கலில் ஒவ்வொரு முறையும் பரிசு விழுந்தால் சலித்துப்போகும். ஒருமுறைகூட விழாவிட்டால் விட்டுவிடுவோம். எப்போதாவது விழும் என்பதுதான் ஆளை வரிசையில் நிற்க வைக்கிறது. பத்துக் காணொளியில் ஒன்று நன்றாக இருக்கும். அந்த ஒன்றுக்காக ஒன்பதைப் பார்க்கிறோம். எந்த ஒன்று நம்மைப் பிடித்து வைக்கும் என்பதைக் கணித்துத் தருவதும் செயற்கை நுண்ணறிவுதான்.

நேரம் போனது, இப்போது சிந்தனையும்

2022 நவம்பர் 30ஆம் தேதி சேட்ஜிபிடி வெளிவந்தது. அதுவரை கைப்பேசி நம் நேரத்தைத்தான் கேட்டது. அதன் பிறகு, "நீ யோசிக்க வேண்டாம், நானே யோசிக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகன் தொடக்கநிலை ஆறு படித்துக்கொண்டிருந்தான். 'கடற்கரையில் ஒரு நாள்' என்று தமிழ்க் கட்டுரை எழுதியிருந்தான். படித்துப் பார்த்தால் அருமையான தமிழ்! "இதில் 'உவகை' என்று எழுதியிருக்கிறாயே, என்ன அர்த்தம் கண்ணா?" என்று கேட்டேன். விழித்தான். ஒரு நிமிடத்தில் இயந்திரம் எழுதிக் கொடுத்தது அது. நான் திட்டவில்லை. "நீ பாசிர் ரிஸ் போனாயே, அதைப் பாட்டியிடம் சொல்லு. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது" என்றேன். தட்டுத்தடுமாறிச் சொன்னான். அலை அவனுடைய ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போனதையும், மறு செருப்போடு நொண்டிக்கொண்டே வீடு வந்ததையும் சொன்னபோது பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "இதை எழுதுடா" என்றார். இயந்திரத்தின் கட்டுரையில் எல்லாம் இருந்தது. அந்தச் செருப்பு மட்டும் இல்லை.

இது ஒரு பிள்ளையின் வீட்டுப்பாடப் பிரச்சினை மட்டும் அல்ல. இங்கே வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பேசுவது குறைந்த பிறகு எழுதும்போதாவது பிள்ளைகள் தமிழில் யோசித்தார்கள். அந்த யோசனையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2025இல் 54 பேரை வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வை வெளியிட்டார்கள். சேட்ஜிபிடி உதவியோடு கட்டுரை எழுதியவர்களில் பெரும்பாலானோர், எழுதி முடித்த கையோடு, தம் கட்டுரையிலிருந்து ஒரு வரியைக்கூடச் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியாமல் திணறினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் நம் வீட்டிலேயே பார்ப்பதைத்தானே அதுவும் சொல்கிறது!

அதற்காகச் செயற்கை நுண்ணறிவே ஆகாது என்பது என் கட்சி இல்லை. ஆங்கிலத்தில் வந்த மருத்துவமனைக் கடிதத்தைப் படம் பிடித்து, தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெரியவருக்கு அது ஊன்றுகோல். நடக்க முடிந்த பிள்ளைக்கு அதையே கொடுத்தால் கால் சூம்பிப்போகும்.

கண்ணால் கண்டதும் பொய்

2025 மார்ச்சில் இங்கே ஒரு நிறுவனத்தின் நிதி அதிகாரி, காணொளிச் சந்திப்பில் தம் மேலதிகாரிகளைப் பார்த்து, அவர்கள் சொன்னபடி ஏறத்தாழ 5 லட்சம் அமெரிக்க வெள்ளியை அனுப்பிவிட்டார். திரையில் தெரிந்த முகங்கள் செயற்கையாக உருவாக்கப்பட்டவை! நல்லவேளையாக, சிங்கப்பூர், ஹாங்காங் காவல்துறையினர் பணத்தை மீட்டார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2024இல் மட்டும் மோசடிகளில் இங்கே பறிபோனது குறைந்தது 110 கோடி வெள்ளி.

எந்நேரமும் திரையில் மூழ்கி, வருவதற்கெல்லாம் உடனே விரல் வைக்கும் பழக்கம்தான் மோசடிக்காரனுக்கு வேண்டியது. நிதானம் வந்தாலே பாதிப் பணம் தப்பிவிடும். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். மகன் குரலில் யார் பணம் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, மணியை அடக்குங்கள். மனிதர்கள் அழைத்தால் மட்டும் கைப்பேசி ஒலிக்கட்டும். கடைகளும் விளையாட்டுகளும் நாம் போகும்போது பேசினால் போதும்.

இரண்டாவது, இடம் ஒதுக்குங்கள். சாப்பாட்டு மேசையில் திரை வேண்டாம், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள் என்று சுகாதார அமைச்சு பிள்ளைகளுக்குச் சொல்கிறது. 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காணொளி அழைப்பு தவிர திரையே கூடாது. 7 முதல் 12 வயது வரை, பள்ளி வேலை போக, நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் என்பதும் அந்த ஆலோசனைதான். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசியைத் தொடக் கூடாது. பிள்ளை பள்ளியில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அப்பா சோபாவில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார். யார் யாருக்குப் புத்தி சொல்வது?

மூன்றாவது, எழுதுவதோ யோசிப்பதோ, முதலில் நாம், பிறகு இயந்திரம். நாமே எழுதிவிட்டு, "இதில் பிழை இருக்கிறதா?" என்று கேட்டால் அது ஆசிரியர். நமக்காக எழுதச் சொன்னால் அது கூலிக்காரன். ஆசிரியரிடம் போனவன் கற்றுக்கொள்வான்.

நான்காவது, காலியான நேரத்தில் எதையாவது வையுங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்கள் நமக்காகக் காத்திருக்கின்றன. கைப்பேசியை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்றும் கொடுக்காவிட்டால், மூன்றாம் நாள் அது திரும்பிவிடும்.

கடைசியாக ஒன்று. "அம்மா நாள் முழுக்க காணொளியே பார்க்கிறார்" என்று குறைப்பட்ட தம்பிக்குச் சொல்கிறேன். நேற்று நீங்கள் அம்மாவிடம் எத்தனை நிமிடம் பேசினீர்கள்? மனிதர்கள் விட்டுப்போன நாற்காலியில்தான் கைப்பேசி வந்து உட்கார்கிறது.

புல்வெளியில் மகளோடு பேசிய அந்தத் தம்பியை மறந்துவிடாதீர்கள். பேசி முடித்ததும் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பொட்டலத்தைப் பிரித்து, பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டி, "அண்ணே, வடை எடுத்துக்குங்க" என்றார். அவரும் திரையிலிருந்து தலை நிமிர்ந்தார். சிக்கனம் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னது அதைத்தான்.