இருட்டு வேறு, ராத்திரி வேறு

“குறைமாதத்தில் பிறந்த என் பேத்தி கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். பெட்டிமேல் கனத்த துணியைப் போட்டு மூடியே வைத்திருக்கிறார்கள். என் தங்கையின் பேரன் இருந்த ஆஸ்பத்திரியிலோ விடிய விடிய ட்யூப்லைட் எரிந்தது. எது சரி?” வாசகி ஒருவரின் கேள்வி இது.

கருவறை இருட்டு, ஆகவே குறைமாதக் குழந்தைக்கும் இருட்டே நல்லது என்பது துணி போடுகிறவர்களின் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ‘கருவறைச் சூழல்’ என்று அச்சடித்து உறை விற்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு போதும். ஆனால் வயிற்றுக்குள் வெளிச்சம் இல்லையே ஒழிய, ராத்திரி இருக்கிறது. தினமும் வருகிறது. வருகிற வழிதான் வேறு.

பொழுது சாய்ந்தபின் அம்மாவின் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. அப்படியே குழந்தையின் ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. குழந்தையின் மூளையில் உடல் கடிகாரமாக வேலை பார்க்கப்போகும் நரம்பணுக் கொத்தில், பதினெட்டாவது வாரத்திலேயே மெலடோனினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் காணப்படுகின்றன.

ஜன்னலே இல்லாத உள்ளறையில் படுத்திருக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கடிகாரம் எதற்கு? வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம், குக்கர் விசில், சாயங்கால சீரியலின் பாட்டு, கடைசியில் கூடத்து விளக்கை யாரோ ‘டக்’கென்று அணைப்பது. இவற்றை வைத்தே மணி சொல்லிவிடுவார். வயிற்றுக் குழந்தைக்குப் பால் பாக்கெட் என்பது அம்மாவுக்கு விடிகாலையில் ஏறும் கார்டிசால். குக்கர் விசில், அவள் சாப்பிட்டபின் ரத்தத்தில் கூடும் சர்க்கரை. அந்த ‘டக்’தான் மெலடோனின். சீரியல் பாட்டு எந்த ஹார்மோன் என்று கேட்காதீர்கள், தேடினேன், அகப்படவில்லை. இப்போது பாட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு லாட்ஜ் அறையில் விடுகிறோம். ராப்பகலாக விளக்கை எரியவிட்டாலும் அவருக்கு மணி தெரியாது. போர்வையால் முகத்தை மூடிவைத்தாலும் தெரியாது. வாசகி பார்த்த இரண்டு ஆஸ்பத்திரிகளும் இப்படித்தான்.

நிறைமாதக் குழந்தைக்கே சொந்தமாக மெலடோனின் ஏறி இறங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். தொப்புள்கொடி அறுந்த குறைமாதக் குழந்தைக்கு நேரம் சொல்ல மிச்சம் இருக்கும் முக்கியமான வழி கண். உருவத்தைச் சரியாகப் பார்க்கத் தெரியாத அந்தக் கண்ணை நம்பலாமா?

நம்பலாம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியோடு சில நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒளி பட்டால் அவை நேரடியாகத் துடிப்பதை 2002-இல்தான் கண்டுகொண்டார்கள். உருவம் காட்டுவது இவற்றின் முதல் வேலை இல்லை. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று கணக்கெடுத்து உடல் கடிகாரத்துக்கு அனுப்பிவைக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீலம் இவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். எலிக்குட்டியிடம் இதைப் பார்க்கலாம். பிறந்து ஆறு நாள் ஆன குட்டிக்குக் கண்ணே திறந்திருக்காது. ஆனாலும் விளக்கைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு நகரும். மெலனாப்சின் இல்லாமல் வளர்க்கப்பட்ட குட்டி இருந்த இடத்திலேயே கிடக்கும். நம் குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இமை மெல்லிசு. முப்பது வாரம் வரைக்கும் கண்மணி சரியாகச் சுருங்காது. வரும் வெளிச்சத்தைத் தடுக்க ஆளில்லை.

வரலாற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். குறைமாதக் குழந்தைகளின் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோயை 1942-இல் விவரித்த டெர்ரி என்ற கண் மருத்துவர், வெளிச்சத்தின் மேல் சந்தேகப்பட்டார். ஐம்பதுகளில் அளவுக்கு மீறிய ஆக்சிஜன்தான் குற்றவாளி என்று தெரிந்தது. 1985-இல் வெளிச்சத்தின் மேல் சந்தேகம் மறுபடி கிளம்பியது. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 97 சதவீத ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைப் பிஞ்சுகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். மாட்டியவர்களில் 54 சதவீதத்துக்கும் மாட்டாதவர்களில் 58 சதவீதத்துக்கும் அந்த நோய் வந்தது. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வழக்கு முடிந்தது.

சரி, பகலில் வெளிச்சம், ராத்திரியில் இருட்டு என்று மாற்றி மாற்றி வைத்தால்? யேல் பல்கலைக்கழகத்தில் ரிவ்கீஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி வைத்த குழந்தைகள் வீட்டுக்குப் போன ஒரு வாரத்துக்குள் பகல்-இரவு வித்தியாசம் காட்டினார்கள். மங்கலிலேயே இருந்தவர்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மெக்சிகோவில் ராத்திரியில் மட்டும் குழந்தைகளின் தலைக்குமேல் ஒரு மூடியைக் கவிழ்த்தார்கள். எப்போதும் வெளிச்சத்தில் இருந்தவர்களைவிட இவர்கள் வேகமாக எடை கூடி, சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

உடனே விசில் அடிக்க வேண்டாம். மெக்சிகோ ஆய்வில் நாற்பது குழந்தைகள்கூடக் கிடையாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் திரட்டியபோது மொத்தமாகத் தேறியது 544 குழந்தைகள். சான்றின் தரமும் மட்டம் என்றே எழுதிவைத்தது. மிகச் சின்னக் குழந்தைக்கு எந்த வாரத்தில் ‘பகலை’த் தொடங்குவது என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. காமாலைக்கு வைக்கும் நீல விளக்கு இந்தக் கணக்கில் சேராது. அது தோல் வழியாகச் செய்யும் வைத்தியம், அப்போது கண்ணைக் கட்டிவிடுவார்கள். நேரத்துக்கு நேரம் நிறம் மாறும் ‘சர்க்காடியன்’ விளக்குகளை விற்க வருகிறவர்களிடம், இதே வேலையைச் சுவரில் இருக்கும் ஸ்விட்சும் பெட்டிமேல் கிடக்கும் துணியும் செய்யாதா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கலாம். துணியைக் காலையில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆர்வம் இப்போது பாலுக்கும் தாவியிருக்கிறது. ராத்திரி சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் உண்டு, பகல் பாலில் அநேகமாக இல்லை. அதனால் பீய்ச்சிய நேரத்தைப் பாட்டிலில் எழுதி, ராத்திரிப் பாலை ராத்திரியிலேயே கொடுங்கள் என்கிறார்கள். முடிந்தால் செய்யலாம், செலவில்லை. ஆனால் மத்தியானம் பசித்து அழும் குழந்தைக்கு ஃபிரிட்ஜில் இருப்பது ராத்திரிப் பால் மட்டும்தான் என்றால், யோசிக்காமல் அதைக் கொடுங்கள்.