மேட்டுநிலத்தில் எழுந்த தலைநகரம்

அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துக்குத் தெற்கே, முந்திரித் தோப்புகளும் செம்மண் கொல்லைகளுமாக விரிந்து கிடக்கும் மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது என்பது, அங்கே எஞ்சி நிற்கும் பெருங்கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணிக்கு எளிதில் புலப்படுவதில்லை. பெருநகரங்கள் எப்படித் தோன்றின, ஏன் கைவிடப்பட்டன என்ற ஆராய்ச்சியில் மத்திய அமெரிக்கக் காடுகளுக்குள் மறைந்துபோன மாயா நகரங்களே முதலில் பேசப்படுகின்றன. தமிழ்நாட்டில் அதே கேள்வியை எழுப்பத்தக்க இடம் இது.

மாயா நகரங்களின் செழிப்புக் காலம் கி.பி. 250 முதல் 900 வரை என்பர். இன்றைய குவாதமாலா நாட்டிலுள்ள திக்கால் நகரில், ஆண்டுக் கணக்கோடு பொறிக்கப்பட்ட கடைசி நினைவுக்கல் 869-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விசயாலய சோழன் தஞ்சையைக் கைப்பற்றியதும் ஏறத்தாழ அதே தலைமுறையில், 850-ஐ ஒட்டித்தான். ஏரிகளின் அடியில் படிந்த வண்டலைக் கொண்டு மழையளவை மதிப்பிட்ட ஆய்வாளர்கள், அடுத்தடுத்து வந்த கடும் வறட்சிகளையும், நகர அரசுகளுக்கிடையே ஓயாது நடந்த போர்களையும், காடழிப்பையும் சேர்த்தே அந்நகரங்களின் வீழ்ச்சியை விளக்குகின்றனர். ஆற்று வசதியற்ற திக்கால், மழைநீரைத் தேக்கிய குளங்களையே நம்பியிருந்தது. நகரங்கள் வெறிச்சோடினவே தவிர மக்கள் அழிந்துவிடவில்லை. மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல லட்சம் பேர் உள்ளனர்.

முதலாம் இராசேந்திரன், தன் படை கங்கைச் சமவெளி வரை சென்று வென்று மீண்டதன் நினைவாக, 1025-ஐ ஒட்டித் தஞ்சையிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினான். வெற்றியின் நினைவுக்காக மட்டும் ஓர் அரசன் வற்றாத வயல்கள் சூழ்ந்த தஞ்சையை விட்டு வருவானா என்ற ஐயம் நியாயமானதே. கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்த இவ்விடம், மேலைச் சாளுக்கியரோடு போரிட வடக்கு நோக்கிப் படை நடத்துவதற்கு இடையில் கொள்ளிடம் குறுக்கிடாத அனுகூலத்தைத் தந்தது. விளைநிலத்தை அழிக்காமல் அரண்மனைகளும் படைவீடுகளும் எழுப்ப வேண்டிய பரப்பும் இம்மேட்டில் கிடைத்தது. ஆனால் தண்ணீர் மட்டும் இல்லை.

அக்குறையை நீக்க வெட்டப்பட்டதே, இன்று பொன்னேரி என்று வழங்கும் சோழகங்கம். தோற்ற மன்னர்கள் சுமந்து வந்த கங்கை நீர் இதில் கலக்கப்பட்டதாகவும், இந்த ஏரியே நீரால் ஆன வெற்றித்தூண் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் புகழ்கின்றன. புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஏரியின் அளவு வியக்கத்தக்கது. தெற்கு வடக்காக அதன் கரை 16 மைல் நீண்டதென்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் அதிகமான தொலைவுக்கு வெட்டப்பட்ட கால்வாய் தெற்கிலும், வெள்ளாற்றிலிருந்து வந்த மற்றொரு கால்வாய் வடக்கிலும் அதற்கு நீர் கொண்டுவந்தன என்றும், 1855-இல் வெளியான ஆங்கிலேயர் காலத்து விவரக் குறிப்பு ஒன்று கூறுகிறது. அந்தக் குறிப்பு எழுதப்பட்டபோதே ஏரி தூர்ந்து காடு மண்டிக் கிடந்தது. அத்தனை நீண்ட கால்வாயில் ஆண்டுதோறும் மண் அள்ளவும் உடைப்பு அடைக்கவும் ஆயிரக்கணக்கானோரை ஏவக்கூடிய ஓர் அதிகாரம் தேவை. நகரின் வலிமையும் பலவீனமும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருந்தன எனலாம்.

நகரின் அமைப்பைக் கல்வெட்டுகளும் ஊர்ப்பெயர்களும் ஓரளவு காட்டித் தருகின்றன. இராசேந்திரசோழன் மதில் என்ற கோட்டைச் சுவரும், இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி எனப்பட்ட நெடுஞ்சாலைகளும், வேம்புகுடி வாசல் என்ற கோட்டை வாயிலும் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றன. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி ஆகியவை இன்றும் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள். கோயிலுக்குத் தென்மேற்கே உள்ள மாளிகைமேட்டில் 1980 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில், ஒரு மீட்டருக்கும் கூடுதலான தடிமன் கொண்ட செங்கல் சுவர்களும், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், அவற்றைப் பிணைத்த இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. உலகறிந்த பேரரசனின் மாளிகை செங்கல்லாலும் மரத்தாலும் ஓட்டாலும் ஆனது. கருங்கல் இறைவனுக்கே உரியதாக இருந்தது. அரண்மனை மண்ணோடு மண்ணாகிக் கோயில் மட்டும் நிலைத்ததற்கு இதுவே முதல் காரணம். மாயா நகரங்களிலும் ஓலைக் கூரை வேய்ந்த குடியிருப்புகள் மறைந்து கற்கோயில்களே எஞ்சின. வானிலிருந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சி மரங்களுக்கு அடியிலுள்ள நிலத்தின் மேடு பள்ளங்களை அளக்கும் லிடார் என்ற முறையால்தான், குவாதமாலாக் காட்டில் ஏறத்தாழ 60,000 கட்டுமானங்களின் தடயங்கள் 2018-இல் அறிவிக்கப்பட்டன.

கோயிலின் விமானம், அதாவது கருவறைக்கு மேல் உயரும் கோபுரம், தஞ்சைப் பெரியகோயிலைவிட உயரத்தில் குறைந்ததாயினும் வளைந்து ஒடுங்கும் அதன் வடிவில் ஒரு நளினம் உண்டு. வடக்கு வாயிலின் அருகே, உமையோடு அமர்ந்த சிவபெருமான், தம் காலடியில் கைகூப்பி அமர்ந்திருக்கும் சண்டேசுவரரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றும் சிற்பத்தில், அடியாரின் சற்றே சாய்ந்த தலையில் தெரியும் பணிவு சோழர் சிற்பக் கலையின் உச்சங்களுள் ஒன்று. தஞ்சைக் கோயிலோடு சேர்த்து இக்கோயிலை யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழரின் பிடி தளர்ந்தது. முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். மூன்றாம் இராசராசனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சிறைப்பிடிக்க, போசளர் வந்து மீட்க வேண்டியதாயிற்று. 1279-இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்தது. பகைவர் கோட்டையைத் தகர்த்ததால்தான் நகர் அழிந்தது என்று முடித்துவிடுவது வழக்கம். ஆனால் எரியூட்டப்பட்ட தஞ்சை மீண்டும் எழுந்து நாயக்கருக்கும் மராத்தியருக்கும் தலைநகரானதை இந்த விளக்கம் கணக்கில் கொள்வதில்லை. தஞ்சைக்குக் காவிரி வயல்கள் எந்த அரசன் மாறினாலும் சோறு போட்டன. கங்கைகொண்ட சோழபுரமோ அரசவையையும் படையையும் அவற்றைச் சார்ந்த வணிகரையும் கைவினைஞரையும் கொண்டு வாழ்ந்த ஊர். அவர்கள் கலைந்ததும், கால்வாயைப் பேணுவோரின்றி ஏரி தூர்ந்ததும், அந்த மேட்டில் நகர வாழ்வுக்கு வழியில்லாமல் போயிற்று. வறட்சியைத் தேட வேண்டிய அவசியம் இங்கே இல்லை என்றே தோன்றுகிறது.

பிற்காலத்தில் மேடுகளைத் தோண்டிச் செங்கல் எடுத்தவர்களை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. 1836-இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, ஊர்மக்கள் தடுத்தும் கேளாமல் கோயிலின் சுற்றுமதில் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டுக் கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கும் நிறைவேறவில்லை. அந்தக் கீழணையில் திரும்பும் நீர், வடவாறு வழியாகத் தாழ்நிலத்திலுள்ள வீராணம் ஏரியை நிரப்புகிறது. சோழகங்கத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பே சோழர் வெட்டிய அந்த ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் செல்கிறது.