1.4 செகண்ட்: நாலு நிமிஷ மைலுக்கு முன்னாடி நிறுத்தப்பட்ட குண்டெர் ஹெக்

இன்னைக்கு எபிசோட் ஒரு ஓட்டக்காரரைப் பத்தி. பேரு குண்டெர் ஹெக். கேட்டதும் குண்டர் சட்டம் ஞாபகத்துக்கு வந்தா பரவாயில்ல, எனக்கும் அதுதான் வந்துச்சு. ஆனா இவர் ஸ்வீடன்காரர். 1500 மீட்டர்ல இருந்து 5000 மீட்டர் வரைக்கும் ஒரே நேரத்துல உலக சாதனைகளைக் கையில வச்சிருந்தவர். ஒரு ஒலிம்பிக்ஸ்ல கூட ஓடாதவர்.

ஆபீஸ் டவுன்ஹால் மீட்டிங்லயோ, மோட்டிவேஷன் ரீல்ஸ்லயோ ஒரு கதையை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. "ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள்ள ஓடவே முடியாதுன்னு உலகமே நம்புச்சு. 1954-ல ரோஜர் பானிஸ்டர் ஓடிக் காட்டினார். அதுக்கப்புறம் வரிசையா எல்லாரும் ஓடினாங்க. தடை கால்ல இல்ல, மனசுல இருந்துச்சு." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வி: பானிஸ்டர் முறியடிச்ச அந்தப் பழைய ரெக்கார்ட் யாரோடது?

ஹெக்கோடது. 1945 ஜூலை 17, மால்மோ நகரம், 4 நிமிஷம் 1.4 செகண்ட். பானிஸ்டர் ஓடினது 1954 மே 6. நடுவுல கிட்டத்தட்ட 9 வருஷம் அந்த நம்பர் அசையவே இல்ல. ஏன் அசையலங்கிறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல 1.4 செகண்ட்னா என்னன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மைல்னா சுமார் 1609 மீட்டர். 400 மீட்டர் தடத்துல நாலு சுத்து, கூட ஒரு 9 மீட்டர். ஹெக்கோட சராசரி வேகத்தை எடுத்துக்கிட்டா, கடிகாரம் சரியா 4 நிமிஷம் காட்டும்போது அவர் 1600 மீட்டரை முடிச்சிருப்பார். அதாவது நாலு சுத்தும் முடிஞ்சாச்சு. மிச்சம் இருந்தது அந்த 9 மீட்டர். ஒரு பஸ்ஸோட நீளம் கூட இல்ல.

சரி, யார் இந்த ஆளு?

1918 டிசம்பர் 31, ஸ்வீடனோட யெம்ட்லாண்ட் பகுதியில ஆல்பாக்கன்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தார். சுத்தி காடு. அப்பா மரம் வெட்டுற தொழிலாளி. பின்னாடி ஹெக் யேவ்லே நகரத்துல தீயணைப்பு வீரரா வேலை பார்த்தார். பயிற்சியும் பெரும்பாலும் காட்டுலதான். அந்தக் காலத்துல ஸ்வீடன்ல யோஸ்டா ஹோல்மேர்னு ஒரு கோச் 'ஃபார்ட்லெக்'ங்கிற முறையைப் பிரபலப்படுத்தினார். ஸ்வீடிஷ்ல அதுக்கு 'வேக விளையாட்டு'ன்னு அர்த்தம். ஸ்டாப்வாட்ச் வச்சு தடத்தைச் சுத்திச் சுத்தி ஓடாம, காட்டுப் பாதையில மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவா ஓடுறது. இன்னைக்கு உங்க ரன்னிங் ஆப்ல இருக்கிற ஃபார்ட்லெக் ஒர்க்அவுட் இதேதான். ஹெக்கோட ஓட்டம் இந்தக் காடும் பனியும் வளர்த்த ஓட்டம்.

இப்போ 1942-க்கு வருவோம். ஐரோப்பா முழுக்கப் போர். ஸ்வீடன் நடுநிலை நாடு. அதனால அங்க அரங்கங்கள்ல போட்டிகள் நடந்துட்டு இருந்துச்சு. ஜூலை 1-ம் தேதி கோத்தன்பர்க்ல ஹெக் மைல் ரெக்கார்டை உடைச்சார், 4 நிமிஷம் 6.2 செகண்ட். அங்க ஆரம்பிச்சது செப்டம்பர் 20 வரைக்கும் நிக்கல. 82 நாள்ல, 7 தூரங்கள்ல, 10 உலக சாதனைகள்! கடைசி நாள்ல 5000 மீட்டரை 13 நிமிஷம் 58.2 செகண்ட்ல முடிச்சார். மனுஷ வரலாற்றுல 14 நிமிஷத்துக்குள்ள 5000 மீட்டர் ஓடின முதல் ஆள் அவர்தான். அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்டை விட 10 செகண்டுக்கும் மேல கம்மி. நாலு நிமிஷ மைல் மாதிரியே இதுவும் ஒரு பெரிய சுவர்தான். இதுக்கு மட்டும் ஏனோ யாரும் ரீல்ஸ் போடல.

இதுல முக்கியமான இன்னொரு கேரக்டர் ஆர்னே ஆண்டர்சன். இவரும் ஸ்வீடன்காரர், ஸ்கூல் வாத்தியார். 1942 ஜூலையில ஹெக் மைல் ரெக்கார்ட் வச்ச ஒன்பதாவது நாளே ஆண்டர்சன் அதே 4:06.2-ஐ ஓடிக் காட்டினார். செப்டம்பர்ல ஹெக் 4:04.6. அடுத்த வருஷம் ஹெக் ஒரு எண்ணெய்க் கப்பல்ல அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குப் போய், அங்க இருந்த பெரிய ஓட்டக்காரர்களை எல்லாம் ஜெயிச்சுட்டு இருந்தார். அந்த நேரத்துல ஊர்ல ஆண்டர்சன் 4:02.6. 1944-ல மறுபடியும் ஆண்டர்சன், 4:01.6. 1945-ல ஹெக் 4:01.4. மூணு வருஷத்துல ரெண்டே பேர், மாத்தி மாத்தி, கிட்டத்தட்ட 5 செகண்ட் குறைச்சிருக்காங்க. இதே வேகத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு சீசன் ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆனா அவங்களுக்கு அந்த சீசன் கிடைக்கல.

அப்போ தடகளத்துல 'அமெச்சூர்' விதின்னு ஒண்ணு இருந்துச்சு. ஓடுறதுக்குக் காசு வாங்கக் கூடாது. வாங்கினா தடை. டிக்கெட் வாங்கி ஆயிரக்கணக்கான பேர் வர்றது ஹெக்கையும் ஆண்டர்சனையும் பார்க்கத்தான். ஆனா அந்த வசூல்ல ஓடுறவருக்குப் பங்கு கிடையாது. வசதியான வீட்டுப் பசங்களுக்கு இந்த விதி ஒரு கௌரவம். மரம் வெட்டுறவரோட மகனுக்கு அது ஒரு சுமை. அதனால போட்டி நடத்துறவங்க மறைமுகமா காசு கொடுக்கிறதும், ஓடுறவங்க வாங்கிக்கிறதும் நடந்துச்சு. ஹெக் இதுக்காக 1941-லயே ஒரு தடை வாங்கினவர்தான். 1942-ல அவர் ஜூலை 1-ம் தேதி சீசனை ஆரம்பிச்சதுக்குக் காரணமே, தடை அதுக்கு முந்தின நாளோட முடிஞ்சதுதான்.

போர் முடிஞ்ச கையோட விசாரணை வந்துச்சு. ஹெக், ஆண்டர்சன் ரெண்டு பேருக்கும் வாழ்நாள் தடை. அப்போ ஹெக்குக்கு வயசு 27. 1940, 1944 ஒலிம்பிக்ஸைப் போர் எடுத்துக்கிச்சு. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸை இந்தத் தடை எடுத்துக்கிச்சு. அந்த லண்டன் போட்டியில 1500 மீட்டர் தங்கமும் வெள்ளியும் ஸ்வீடனுக்குத்தான் போச்சு. ஜெயிச்சவங்க ஹென்றி எரிக்சனும் லென்னார்ட் ஸ்ட்ராண்டும்.

"மத்த நாட்டுக்காரங்க எல்லாம் போர்ல இருந்தாங்க, இவங்க ஆள் இல்லாத மைதானத்துல ஓடினாங்க"ன்னு ஒரு வாதம் உண்டு. பாதி நியாயம் இருக்கு. போர் இல்லைன்னா போட்டிக்கு இன்னும் பல பேர் வந்திருப்பாங்க. ஆனா பக்கத்துல யார் ஓடினாங்கன்னு கடிகாரத்துக்குத் தெரியாது. போர் முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்தும் ஹெக்கோட ரெக்கார்டுகள் நின்னுச்சு. 1500 மீட்டர் ரெக்கார்டை ரெண்டு பேர் சமன் செஞ்சாங்க, தாண்டல. கடைசியில மூணும் ஒரு மாசத்துக்குள்ள விழுந்துச்சு. 1954 மே 6-ல மைலை பானிஸ்டரும், மே 30-ல 5000 மீட்டரை ஸாட்டோபெக்கும், ஜூன் 4-ல 1500 மீட்டரை வெஸ் சாண்டியும் முறியடிச்சாங்க.

இப்போ அந்த மோட்டிவேஷன் கதைக்குத் திரும்புவோம். பானிஸ்டருக்கு 46 நாள் கழிச்சு ஜான் லாண்டி இன்னும் வேகமா ஓடினார், உண்மை. ஆனா அந்த லாண்டி 1952 டிசம்பர்ல இருந்தே 4:02 பக்கத்துல திரும்பத் திரும்ப ஓடிட்டு இருந்தவர். திடீர்னு மனசு திறந்து ஓடினவர் இல்ல. பானிஸ்டரோட சாதனையை நான் குறைச்சுச் சொல்லல, அது பெரிய ஓட்டம்தான். ஆனா 9 வருஷ இடைவெளியை 'மனத்தடை'ன்னு சொல்றது சரியில்ல. ஒரு தலைமுறை ஓட்டக்காரர்களோட இளமையைப் போர் தின்னுடுச்சு. அந்த எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல போன ரெண்டு பேரையும் ஒரு விதி வெளிய அனுப்பிடுச்சு. ஒரு கிராஃப் ஏறாம நின்னா, யாருக்கும் நம்பிக்கை இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி, யாரை டீம்ல இருந்து எடுத்தாங்கன்னு பார்க்கணும். என் வேலையில இது தினமும் நடக்கிற விஷயம்.

அமெச்சூர் விதி 1980-கள்ல கரைய ஆரம்பிச்சுச்சு. இன்னைக்கு ஓட்டக்காரர்கள் பரிசுப் பணமும் ஸ்பான்சரும் வெளிப்படையா வாங்குறாங்க, யாரும் தப்பா நினைக்கிறதில்ல. ஹெக் 2004-ல மால்மோவுல, 85 வயசுல இறந்தார். 4:01.4 ஓடின அதே ஊர். ஆண்டர்சன் 2009-ல, 91 வயசுல.

அடுத்த தடவை யாராவது ஸ்லைடுல பானிஸ்டர் படத்தைப் போட்டா, அதுக்கு முந்தின ரெக்கார்ட் யாரோடதுன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா இந்த எபிசோடை அனுப்பி விடுங்க.