தொடங்க மறுக்கும் கணினி

வீட்டிலேயே உறுப்புகளைப் பொருத்தி உருவாக்கிய மேசைக் கணினி ஒன்று சில நாள்களில் ஒழுங்காகத் தொடங்குகிறது. வேறு சில நாள்களில் விசிறிகள் மட்டும் சுழல, திரை இருண்டே கிடக்கிறது. முற்றிலும் பழுதுற்ற கணினியைவிட இத்தகைய கணினியே மிகுந்த தொல்லை தருவதாகும். முன்னதன் குறை எப்போதும் கண்முன் நிற்கும். விட்டுவிட்டு வரும் குறையோ நாம் தேடும்போது ஒளிந்துகொள்ளும்.

பொறுமையிழந்தோர் முதலில் ஐயுற்ற உறுப்பை உடனே மாற்றிவிடுவர். தில்லியின் நேரு பிளேசிலோ பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ புதிய தாய்ப்பலகை வாங்கிப் பொருத்திய பின்னரும் பழைய குறை தலைகாட்டுவதுண்டு. அப்போது பெற்றோரின் சேமிப்பு வீணாகிறது. முறையாகத் தேடக் கற்றவர் இவ்வீண்செலவைத் தவிர்க்கலாம்.

மாணவர்களே! தேடலைத் தொடங்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கணினி அடுத்த முறை தொடங்கியவுடன், அதிலுள்ள செயல்திட்டங்களையும் குடும்பப் படங்களையும் பென் டிரைவில் படியெடுத்து வையுங்கள். உறுப்பு பழுதானால் வேறொன்று வாங்கலாம். ஊரில் பாட்டியுடன் எடுத்த படத்தைக் கடையில் வாங்க இயலாது.

தொடக்கத்தில் நிகழ்வன

கணினியின் தொடக்கம் ஓர் அஞ்சலோட்டம் போன்றது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கோல் மாறுவதுபோல, ஓர் உறுப்பு தன் பணியை முடித்து அடுத்ததிடம் ஒப்படைக்கிறது.

முதலில் ஓடுவது மின்வழங்கி. கடைவீதியில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தை இது 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்னோட்டங்களாக மாற்றுகிறது. இவை நிலைபெற்றதும், மின்சாரம் சீராக உள்ளது என்னும் குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அதன் பின்னரே செயலி விழித்தெழுந்து, தாய்ப்பலகையின் சில்லில் பதிந்துள்ள பயாஸ் என்னும் நிரலை இயக்குகிறது. அந்நிரல் நினைவகமாகிய ராமையும் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும் சோதிக்கிறது. எல்லாம் சரியெனில், சேமிப்புத் தட்டிலிருந்து இயங்குதளத்தை அழைக்கிறது.

கோல் யாருடைய கையில் நின்றுபோயிற்று என்று கண்டறிவதே நம் பணி.

அறிகுறி காட்டும் இடம்

பொத்தானை அழுத்தியும் எந்த அசைவும் இல்லையெனில், சுவரின் சுவிட்சு, மின்கம்பி, மின்வழங்கியின் பின்புறச் சுவிட்சு ஆகியவற்றை முதலில் நோக்கவேண்டும். பெட்டியின் பொத்தானே பழுதுற்றிருக்கவும் கூடும். இதனை அறிய எளிய வழி உண்டு. தாய்ப்பலகையில் அப்பொத்தானின் இணைப்பை நீக்கிவிட்டு, ரீசெட் பொத்தானின் இணைப்பை அங்குச் செருகி அழுத்துங்கள். கணினி ஒவ்வொரு முறையும் தொடங்கினால் குறை பழைய பொத்தானில்தான்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், ராம் சரியாகப் பொருந்தாமை பெரும்பாலும் காரணமாகும். தாய்ப்பலகைக்குரிய 24 முனை இணைப்பும் செயலிக்குரிய 8 முனை இணைப்பும் அரைகுறையாகச் செருகப்பட்டிருந்தாலும் இவ்வாறு நிகழும். பல தாய்ப்பலகைகளில் செயலி, ராம், படப்பகுதி, தட்டு ஆகிய நான்கிற்கும் தனித்தனிச் சிறுவிளக்குகள் உள்ளன. எது அணையாமல் நிற்கிறதோ அதுவே கோல் நின்ற இடம். சில பலகைகள் பீப் ஒலியால் குறையை உணர்த்தும். அதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால் கையேட்டைப் பார்த்தே அறியவேண்டும்.

நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றியபின் நின்றால், சேமிப்புத் தட்டையோ இயங்குதளத்தையோ ஐயுறலாம். தொடங்கிச் சில நிமிடங்களில் அணைந்தால் செயலி மிகுதியாகச் சூடேறுகிறதா என்று காணவேண்டும். ஒவ்வொரு காலையும் கடிகாரம் பழைய நாளைக் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட்டு மின்கலம் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

இங்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டி.டி.ஆர். 5 வகை ராம் பொருத்திய புதுக் கணினி, முதன்முறை தொடங்கும்போது ராமுக்கு ஏற்ற அளவுகளைத் தானே பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை இருண்டிருப்பது குறையன்று.

பாதுகாப்பு

பெட்டியைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிடவேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். ஆகவே, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டபின்னரே உறுப்புகளைத் தொடவேண்டும். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட்டு ஆகும். அம்மின்சாரம் கம்பியைக் கழற்றிய பின்னரும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் தங்கியிருக்கக் கூடும். பெரியவர் ஒருவர் உடனிருக்கவே இப்பணியைச் செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ராமைக் கழற்றி மாட்டி, மின்கலத்தை மாற்றி, இணைப்புகளையும் அழுத்திய பின் கணினி தொடங்கிவிட்டது எனக் கொள்வோம். இம்மூன்றில் எது குறையைத் தீர்த்தது? யாராலும் கூறவியலாது. குறை மீண்டும் வந்தால் தேடலும் முதலிலிருந்தே தொடங்கும். எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றியதையும் விளைவையும் குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு எழுதவேண்டும்.

தேவையற்றவற்றை நீக்கித் தொடங்குவது நன்று. செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு ராம், திரை ஆகியவற்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள். செயலியில் படப்பகுதி இல்லையெனில் கிராபிக்ஸ் அட்டையும் வேண்டும். குறை மறைந்தால் நீக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மறையாவிட்டால் வேறொரு ராமைக் கொண்டு சோதியுங்கள். ராமை எந்த இடத்தில் செருகுவது என்பதைக் கையேடு கூறும். பல பலகைகளில் அது செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாம் இடமாகும்.

வீட்டில் பொருத்திய கணினிக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளுள் ஒன்று, துளையில்லாத இடத்தின் அடியில் இருந்துவிட்டால், அது பலகையின் பின்புறத்தைத் தொட்டுக் குறுக்குச் சுற்றை உண்டாக்கும். பலகையை வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின்மேல் வைத்து இயக்கும்போது குறை மறைந்தால், பெட்டியையும் தாங்கிகளையும் ஆராயவேண்டும்.

வட இந்தியக் குளிர்காலக் காலைகளில் மட்டும் மறுத்து, பின்னர் இயங்கும் கணினிகளும் உண்டு. முதுமையடைந்த மின்தேக்கிகள் குளிரில் மேலும் திறன் குன்றுவது இதற்கு ஒரு காரணம். அத்தகைய கணினிக்கு நன்னிலையிலுள்ள வேறொரு மின்வழங்கியை இரவல் பெற்றுச் சோதிப்பது தக்கது.

எத்தனை முறை சோதிப்பது?

நான்கு முறைக்கு ஒருமுறை தொடங்க மறுக்கும் கணினியை எண்ணிப் பாருங்கள். அதில் எதையும் சரிசெய்யாமலே ஐந்து முறை தொடர்ந்து தொடங்குவதற்கான வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு முறையும் தொடங்கும் வாய்ப்பு முக்கால். முக்காலை ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.24 வரும். அதாவது, நூற்றில் இருபத்து நான்கு பேர் ஒன்றும் செய்யாமலே 'சரியாகிவிட்டது' என்று மகிழ்ந்துவிடுவர்! பத்து முறை தொடர்ந்து தொடங்குவதற்கான வாய்ப்போ 0.06 அளவே. ஆகவே ஒருமுறை தொடங்கியதைக் கண்டு மகிழாமல், பத்து முறையாவது, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் சோதிக்கவேண்டும்.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்கிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். உடலுக்குக் கூறிய அந்நெறி கணினிக்கும் பொருந்தும். இவ்வளவு செய்தும் குறை தீராவிட்டால் கணினியைக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். குறிப்பேட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எவை சரியாக உள்ளன என்பதை அதுவே கூறிவிடும். தேவையற்ற உறுப்பை யாரும் உங்கள்மேல் சுமத்தவும் இயலாது.

சொற்பொருள்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
அஞ்சலோட்டம் – கோலைக் கைமாற்றி ஓடும் குழு ஓட்டம்
குன்றுதல் – குறைதல்
இரவல் – திருப்பித் தருவதாகப் பெறுவது

பயிற்சி
1. விட்டுவிட்டு வரும் குறை ஏன் மிகுந்த தொல்லை தருகிறது?
2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பதன் காரணத்தை விளக்குக.
3. இரண்டு முறைக்கு ஒருமுறை தொடங்க மறுக்கும் கணினி, ஐந்து முறை தொடர்ந்து தொடங்குவதற்கான வாய்ப்பைக் கணக்கிடுக.
4. பிரித்து எழுதுக: இவ்வீண்செலவு, அந்நிரல், அம்மின்சாரம்.
5. உங்கள் வீட்டில் ஒரு பொருள் பழுதானபோது அதனை எவ்வாறு சரிசெய்தனர் என்று பெற்றோரிடம் கேட்டு, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.