குரும்பகரத்துக் கடல்

காரைக்கால் பிரதேசத்தில் நெடுங்காட்டை அடுத்த குரும்பகரத்துக்குப் போகிறவர்களுக்குக் கடலின் நினைவே வராது. சாலையின் இருபுறமும் நெல் வயல்; வயலுக்கு அப்பால் வாய்க்கால்; வாய்க்காலுக்கு அப்பால் மீண்டும் நெல் வயல். காவிரியின் கிளை நதிகள் சமுத்திரத்தில் கலப்பதற்கு முன் கடைசியாகப் பாய்ந்து வளமூட்டும் பூமி அது. அங்குள்ள குடியானவர்களுக்கு உப்பு நீர் என்றாலே அச்சம். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது கரையோரத்து வயல்களில் உப்பு நீர் புகுந்து மண்ணைக் கெடுத்ததை அவர்கள் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு குடியானவர் வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கு எதிரே 200 லிட்டர் கடல் நீர் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அலை மோதிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது நாம் ஆச்சரியப்பட்டதில் ஆச்சரியம் இல்லை அல்லவா? பவளப்பாறைகளை வீட்டிலே வளர்க்கும் பொழுதுபோக்கு இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. அதை நேரில் கண்டு நேயர்களுக்குச் சொல்லலாம் என்று புறப்பட்டோம்.

தொட்டி அழகாகத்தான் இருந்தது. மேலே வெண்ணிலவு போன்ற மின் விளக்கு. உள்ளே செங்கல் நிறத்துப் பாறைகள். அவற்றின்மேல் பச்சைக் கம்பளியைப் பிரித்துப் போட்டதுபோல் கடற்பாசி. ஆரஞ்சு வர்ண உடலில் வெள்ளைப் பட்டை கட்டிய இரண்டு கோமாளி மீன்கள் பாசிக்குள் புகுவதும் வெளிவருவதுமாக இருந்தன. ஆனால் நாம் தேடிவந்த பவளத்தை மட்டும் காணோம்.

"பவளம் எங்கே?" என்று கேட்டோம்.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் தாயார், "அது கடலில் இருக்கிறது, ஐயா" என்றார்.

நமக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. விடைபெற்றுத் திரும்பும்போது அந்த ஏமாற்றம் இல்லை. காரணத்தைச் சொல்லுகிறோம்.

பவளத்தின் கதை

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களைப் பட்டியலிடும்போது கீழ்க்கடலின் பவளத்தையும் சேர்த்துச் சொல்லுகிறது. அந்தப் பட்டினம் இருந்த பூம்புகார் காரைக்காலுக்கு வடக்கே சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் காவிரிக் கழிமுகக் கரையில் பவளப்பாறை வளராது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கடல் நீர் கலங்கிவிடுகிறது. பாறைகட்டும் பவளத்துக்கோ தெளிந்த நீரும் சூரிய வெளிச்சமும் வேண்டும். நெல்லுக்கு அமிர்தமான வண்டல் பவளத்துக்கு விஷம்.

ஏன் வெளிச்சம் வேண்டும்? பவளம் செடியன்று, கல்லுமன்று. அது ஒரு சிறிய பிராணி. கடுகளவிலிருந்து காசளவு வரை உள்ள கோடானுகோடிப் பிராணிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்ளுகின்றன. அவற்றின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்த உணவில் பெரும் பகுதியை வீட்டுக்காரப் பிராணிக்குக் கொடுத்துவிடுகின்றன. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் இந்தக் குடித்தனம் கலைகிறது. நுண்பாசி வெளியேற, பவளம் வெளுத்துப் போகிறது. சூடு நீடித்தால் பட்டினியால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் இப்படித்தான் நடந்தது.

பவளத்தைக் கடலுக்கு வெளியே உயிரோடு வைத்துக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆன்னா தின் என்ற பெண்மணி. 1846-ஆம் ஆண்டில் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரில் சில பவளங்களைச் சேகரித்து, ஒரு ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். வழியில் உருண்டு அடிபடாமல் இருப்பதற்காக ஊசியும் நூலும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சில் தைத்து வைத்தாராம்! லண்டனில் புதிய கடல் நீருக்கு எங்கே போவது? பழைய நீரையே திறந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றும்படி வேலைக்காரியை ஏவினார். காற்றுப் பட்ட நீரில் பிராணவாயு கலந்தது, பவளங்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் தருவித்து உடன் வைத்தார். பிராணி விடும் அசுத்தத்தைப் பாசி உண்டது. பாசி விடும் பிராணவாயுவைப் பிராணி சுவாசித்தது. வீட்டுக் கடலின் சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது.

நம் நாட்டில் 1909-ஆம் ஆண்டில் சென்னை மெரீனாக் கரையில் ஒரு மீன் காட்சிசாலை ஏற்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன் அதற்குத் திட்டம் வகுத்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது. அன்று ஒரு சர்க்கார் செய்த காரியத்தை இன்று ஒரு கிராமத்து வீட்டுக் கூடத்தில் செய்யமுடிகிறது.

உப்பும் உரமும்

"ஒரு லிட்டர் நீருக்கு 35 கிராம் உப்பு. இந்தத் தொட்டிக்கு 7 கிலோ" என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். ஆனால் சமையலறை உப்பு இதற்கு உதவாது. 1930-ஆம் ஆண்டில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் நடந்து சென்று உப்பெடுத்த வேதாரண்யம் இந்தக் கரையில் தெற்கே இருக்கிறது. அங்குள்ள அளங்களைப் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கும். பாத்தியில் கடல் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடுகிறது. பிறகு உப்புப் பூக்கிறது. கசப்பான மக்னீசியச் சத்து எஞ்சிய நீரோடு போய்விடுகிறது. ஆகவே சோற்றுப்பு கடலின் ஓர் அம்சமேயன்றி முழுக் கடலன்று. தொட்டிக்கென்று எல்லாச் சத்துக்களையும் சேர்த்துத் தயாரித்த உப்பைத்தான் கரைக்கவேண்டும்.

ஆரம்பத்தில் அவர் ஒரு பிழை செய்தாராம். நீர் வற்ற வற்ற, உப்பு நீரையே ஊற்றி நிரப்பிவந்தார். ஆவியாகிப் போவது நீர்தான், உப்பு போவதில்லை. ஒரு மாதத்தில் தொட்டி நீர் கடலைவிடக் கரித்தது, மீன்கள் சோர்ந்தன. வற்றியதற்கு நல்ல நீர்தான் ஊற்றவேண்டும் என்பதை அதன்பின் தெரிந்துகொண்டார்.

இரண்டாவது பாடம் பொறுமை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய நஞ்சு. பாறைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் கண்காணாத வேலைக்காரர்கள் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் தொட்டியை வெறுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது பாடத்தை ஒரு குடியானவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நைட்ரேட் என்பது பயிருக்கு இடும் உரந்தானே! அது நீரில் சேர்ந்துகொண்டே போனால் பவளத்துக்கு ஆகாது. கண்ணாடியெல்லாம் வழுக்குப்பாசி பிடிக்கும். ஆகவே பெரிய தொட்டியை ஒட்டி ஒரு சிறிய தொட்டி வைத்து, அதில் பச்சைப்பாசியும், ராமேசுவரக் கரையில் கஞ்சிப்பாசி என்று வழங்கும் பாசியும் வளர்க்கிறார். நீர் இரண்டு தொட்டிகளுக்கும் சுற்றி வருகிறது. பாசி உரத்தை உண்டு வளருகிறது. வாரம் ஒரு முறை கைப்பிடி கைப்பிடியாக அறுத்தெடுத்தால், அந்த உரம் நீரைவிட்டு வெளியேறிவிடுகிறது. "நடவு இல்லாத அறுவடை" என்று சிரித்தார். பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு, இரவில்தான் பாசித் தொட்டியின் விளக்கை ஏற்றுகிறார். இருட்டில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை விட்டு நீரைப் புளிக்கச் செய்யும்போது, பாசி அதை எடுத்துக்கொள்ளுகிறது.

கஜா புயல் இரவு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. குரும்பகரத்திலும் விளக்குகள் அணைந்தன. தொட்டியின் மோட்டார் நின்றது. நீர் அசையாவிட்டால் பிராணவாயு குறையும். ஒரு மணி நேரத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடத் தொடங்கின. அப்போது மூன்று மீன்கள் இருந்தன.

பாட்டியம்மாள் எழுந்து வந்தார். சமையலறையிலிருந்து ஒரு செம்பைக் கொண்டுவந்து, தொட்டி நீரை முகந்து உயரத் தூக்கி, பால் ஆற்றுவதுபோல் திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினார். அவர் கை ஓய்ந்ததும் மகன், மகன் ஓய்ந்ததும் மருமகள், பிறகு பேத்தி. வெளியே தென்னைகள் முறிந்து விழும் ஓசை. உள்ளே அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் நீர் விழும் ஓசை. இப்படி முறை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஊற்றினார்கள். ஒரு மீன் இறந்தது, இரண்டு பிழைத்தன. லண்டன் மாநகரில் 170 ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலைக்காரி செய்ததையே தாமும் செய்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாம் சொன்னபோது பாட்டியம்மாள், "அவளுக்கும் கை வலித்திருக்கும்" என்றார்.

அந்த இரவில்தான் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தாராம். "ஓர் உயிரைக் கடலிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால், பிறகு அதற்கு நாமேதான் கடலாக இருக்கவேண்டும். மூன்று மீனுக்குக் கடலாக இருப்பதற்கே நாலு பேர் வேண்டியிருந்தது."

மன்னார் வளைகுடாவின் கணக்கு

சட்டமும் அவருடைய முடிவையே சொல்லுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறைகட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள காவல் பவளத்துக்கும் உண்டு. நம் கடலிலிருந்து அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். உலர்ந்த துண்டாக இருந்தாலும் குற்றந்தான்.

இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை அரணாகக் கொண்டது மன்னார் வளைகுடா. அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளம் கட்டியிருந்த பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். 1986-ஆம் ஆண்டில் அது கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அரண் இழந்த தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. வெட்டியவர்கள் கூலிக்கு வெட்டினார்கள், நம் வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசினோம், தீவு போயிற்று. இன்று தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உடைந்த பவளக் கிளைகளைச் சிமென்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள். வெட்டுவதற்கு ஒரு கடப்பாரை போதும். நடுவதற்கு ஆண்டுகள் வேண்டும்.

பாசியிலும் எச்சரிக்கை தேவை. 1984-ஆம் ஆண்டில் மொனாக்கோவின் கடலாராய்ச்சிக் காட்சிசாலைக்கு அடியில் காணப்பட்ட அயல்நாட்டுக் காலர்ப்பா பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரவிவிட்டது. நம் மன்னார் வளைகுடாவிலேயே, வியாபாரத்துக்காக வளர்த்த காப்பாபைகஸ் என்னும் அயற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததை விஞ்ஞானிகள் 2008-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே தொட்டிப் பாசியை ஆற்றிலோ கடலிலோ ஒருபோதும் விடலாகாது. குரும்பகரத்து நண்பர் அறுத்த பாசியை வெயிலில் காயவைத்து, உப்புப் போக அலசித் தென்னைக்கு உரமாக இடுகிறார். மாற்றிய உப்பு நீரில் ஒரு சொட்டுக்கூட வயலுக்குப் போவதில்லை. பீப்பாயில் சேர்த்து வைத்து வற்றவிடுகிறார்.

நேயர்களில் யாருக்கேனும் இந்த ஆசை எழுந்தால், பாசியிலிருந்து தொடங்குவது நல்லது. மீன் வேண்டுமானால், கடலில் பிடித்ததை வாங்காமல் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்கலாம். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் வித்தையை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் விஞ்ஞானிகள் கைவரப்பெற்றிருக்கிறார்கள்.

நாம் புறப்படும் சமயத்தில் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை வைத்தாள், தொட்டியின் பக்கத்திலிருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல நீர் முகந்தாள், கண்ணாடியில் போட்டிருந்த கோடு வரை நிதானமாக ஊற்றினாள். அன்று வற்றியது அவ்வளவுதான். பாட்டியம்மாளின் செம்புதான் அது.