கப்பல் பெட்டிக்குள் குடித்தனம்!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவிலில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைத் தேர்தலில் நிற்பவர் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டுமாம்!

அன்றே வீட்டுக்கு அவ்வளவு மதிப்பு. இன்றோ செங்கல், சிமெண்டு விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. அதனால்தான் பலருடைய கண் துறைமுகத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

1956 ஏப்ரல் 26-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். கன்டெய்னர் யுகம் பிறந்தது. அந்தப் பெட்டியை வீடாக்கும் முறைக்கு 1989-ல் பிலிப் கிளார்க் என்பவர் காப்புரிமை பெற்றார்.

பெரிய பெட்டி 40 அடி நீளம், 8 அடி அகலம். 320 சதுர அடி! சிறு குடும்பத்துக்குப் போதும்.

ஆனால் சித்திரை வெயிலில் அது அடுப்பாகிவிடும். உள்ளே வெப்பத்தைத் தடுக்கும் பலகை அடிக்க வேண்டும். மேலே இடைவெளி விட்டுக் கீற்றுப் பந்தல் போட்டால் இன்னும் நல்லது. உயரமோ எட்டரை அடிதான். மின்விசிறியைத் தொங்கவிட்டால் தலையில் இடிக்கும்!

ஜன்னலுக்குத் தகட்டை வெட்டினால் பலம் குறையும். சுற்றிலும் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். தரைப் பலகையில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள். குழந்தை தவழும் வீட்டில் அதை மாற்றிவிடுவதே சரி.

இத்தனை செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு முன்பணம் கொடுங்கள். அதற்கும் முன்னால், கிரேன் உங்கள் தெருவுக்குள் திரும்புமா என்று பாருங்கள்!